யூபிலி மலரில் விடுபடும் பக்கம்

ஒரு பங்கு தன் நூற்றாண்டையோ நூற்றைம்பதாம் ஆண்டையோ கொண்டாட முனையும்போது முதலில் அமைவது விழாக்குழு; அடுத்து அமைவது மலர்க்குழு. கோபுரத்துக்கு வண்ணம் பூசவும் கொடிமரத்தைப் புதுப்பிக்கவும் பொருள் திரட்டுவோர் ஒருபுறம் உழைக்க, மலர்க்குழுவினர் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தூசி தட்டி எடுக்கின்றனர். பணியாற்றிய பங்குத்தந்தையரின் பெயர்ப் பட்டியல், அவரவர் காலத்தில் எழுந்த கட்டடங்கள், அம்மண்ணில் தோன்றிய குருக்கள், துறவியரின் நிழற்படங்கள், நன்கொடையாளர் பெயர்கள் ஆகிய இவை இல்லாத மலரை நாம் கண்டதில்லை. இவை யாவும் வேண்டியவையே. நன்றி மறவாமை விசுவாச வாழ்வின் தொடக்கம். நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கே நன்றி கூறுதல் என்பதுதானே பொருள்!

ஆயினும் இம்மலர்களில் எல்லாரும் எளிதாக எழுதிச் செல்லும் ஒரு சிறு சொல் நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. அது ‘நாம்’ என்னும் சொல். நூறாண்டுகளுக்கு முன் நாம் விசுவாசத்தைப் பெற்றோம், பஞ்ச காலத்திலும் நாம் இவ்வாலயத்தை எழுப்பினோம் என்று எழுதுகிறோம். எழுதுகிறவர் அன்று பிறந்திருக்கவில்லை. சுண்ணாம்பு குழைத்தவரும், தலையில் கல் சுமந்த பெண்களும், கால்நடையாக ஊர் ஊராய்ச் சென்று செபம் கற்பித்த உபதேசியாரும் மண்ணுக்குள் துயில்கின்றனர். அவர்தம் உழைப்பை நம் உழைப்பென்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

உரிமை உண்டு என்றே விவிலியம் கூறுகின்றது. இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரத்தில், முதற்பலன் நிறைந்த கூடையை ஆண்டவரின் பீடத்தின்முன் வைக்கும் உழவனை நாம் காண்கிறோம். அவன் எகிப்தைக் கண்டவனல்லன். செங்கடலைக் கடந்தவனும் அல்லன். எனினும் ஒடுக்கப்பட்டவர் தன் பாட்டனார் என்று அவன் கதை சொல்வதில்லை. நாங்கள் ஒடுக்கப்பட்டோம், நாங்கள் கதறினோம், எங்களை ஆண்டவர் மீட்டார் என்றே அறிக்கையிடுகிறான். காலத்தைக் கடந்து நிற்கும் இந்தத் தன்மைப் பன்மைதான் ஒரு கூட்டத்தை இறைமக்களாக ஆக்குகின்றது. திருச்சபை என்பது இன்று உயிரோடிருப்போரின் சங்கம் மட்டுமாயின், புனிதர்களின் உறவை நம்புவதாக ஒவ்வொரு ஞாயிறும் நாம் சொல்வதற்கு இடமில்லை.

நம் தாய்மொழியாம் தமிழ் இங்கே நமக்கு ஒரு நுட்பத்தைக் கற்றுத் தருகின்றது. பல மொழிகளில் ஒன்றாய் இருக்கும் தன்மைப் பன்மை தமிழில் இரண்டாய் நிற்கின்றது. கேட்பவரையும் உள்ளடக்குவது ‘நாம்’; கேட்பவரை வெளியே நிறுத்துவது ‘நாங்கள்’. கர்த்தர் கற்பித்த செபத்தில் ‘எங்கள்’ என்கிறோம். ஏனெனில் அங்கே கேட்பவர் கடவுள். பீடத்தைச் சுற்றி ஒருவரையொருவர் நோக்கிப் பேசுகையிலோ ‘நாம்’ என்பதே முறை. யூபிலி மலர் பேசும் ‘நாம்’ உண்மையிலேயே ‘நாம்’தானா, அல்லது உரக்கச் சொல்லப்பட்ட ‘நாங்கள்’தானா என்று கேட்டுப் பார்ப்பது விழாக் காலத்தில் பொருத்தமற்றதாகாது.

நம் வரலாற்றில் பெருமைக்குரியவை ஏராளம். முத்துக்குளித்துறையில் 1535 முதல் 1537 வரை ஏறத்தாழ 20,000 பரதவர் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் அன்று தேடியது கடலிலும் கரையிலும் தங்களை நெருக்கிய எதிரிகளிடமிருந்து பாதுகாப்பை. போர்த்துக்கீசரின் படைவலிமை அதற்கு உதவிற்று. இதைச் சொல்வதில் நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை. அப்பத்துக்காகப் பின்தொடர்ந்தவர்களையும் இயேசு விரட்டிவிடவில்லை. 1542இல் புனித சவேரியார் அக்கரைக்கு வந்து, சிறுவரைக் கூட்டித் தமிழில் செபம் சொல்லிக் கொடுத்தார். அவர் வழிவந்த அண்டிரிக்கு அடிகளார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றியபோது, அப்பணிக்குப் பொருள் தந்தவர்கள் அதே பரதவ மக்களே. பாதுகாப்புத் தேடி வந்தவர்கள், அரை நூற்றாண்டு கழிவதற்குள் செபப் புத்தகத்துக்குத் தம் கைப்பொருளைத் தருகிறவர்களாக மாறியிருந்தனர். அருள் வேலை செய்யும் விதம் இது. இப்பக்கத்தை எத்தனை மலர்களில் எழுதினாலும் தகும்.

எழுதப்படாத பக்கமும் ஒன்று உண்டு. அதற்காக நாம் வடக்கன்குளத்துக்குச் செல்ல வேண்டும்.

நெல்லைச் சீமையின் தென்கோடியில், குமரி மாவட்ட எல்லையை ஒட்டிய அவ்வூரை நம் வாசகர் பலர் அறிவர். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராயிருந்த நீலகண்டன், டச்சுத் தளபதி டிலனாய் வாயிலாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745 மே மாதத்தில் அவ்வூருக்கு வந்து, இயேசு சபைக் குருவாகிய புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் பெயரின் பொருளைத் தமிழில் வடித்துத் தேவசகாயம் என்று அவருக்குப் பெயரிட்டனர். உயர்ந்தோர் எனப்பட்ட குலத்தில் பிறந்தவர், குலம் பாராமல் எல்லாரோடும் பழகினார். இது அன்று சிறு செயலன்று. அவர்மீது மூண்ட சினத்துக்கு அதுவும் ஒரு காரணம். 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2012 டிசம்பர் 2இல் முத்திப்பேறு பெற்ற அவர், 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிசால் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். இந்தியப் பொதுநிலையினருள் அந்நிலை எய்திய முதல்வர் அவரே.

அவர் நீரில் மறுபிறப்பு எய்திய அதே ஊரில், அவர் இறந்து 120 ஆண்டுகள் கழித்து, 1872இல் ஓர் ஆலயம் எழுந்தது. அதற்குப் பீடம் ஒன்று; கூடங்கள் இரண்டு. இரு கூடங்களும் கவட்டைபோல் பிரிந்து சென்றன. ஒன்றில் வெள்ளாளர், மற்றொன்றில் நாடார். நடுவே தடுப்பு. இரு கூடத்தாரும் குருவைக் காணலாம். எழுந்தேற்றப்படும் நற்கருணையைக் காணலாம். ஒருவரையொருவர் மட்டும் காண இயலாது. கால்சட்டைக் கோவில் என்று அதைக் கேலியாகச் சொன்னவர்களும் உண்டு.

அந்தக் கட்டடத்தைத் திட்டமிட்ட குருக்களைக் கொடியவர்கள் என்று நாம் கருதவில்லை. ஒருவரோடொருவர் அமர மறுப்போரை ஒரே பீடத்தின் முன்னாவது கொண்டுவரலாம் என்று அவர்கள் எண்ணியிருப்பர். இந்த எண்ணத்துக்கு நீண்ட மரபும் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் தம்மை உயர்குலத்தாரோடு இணைத்துக்கொண்டு பணியைத் தொடங்கினார்; பிற மக்களுக்கெனப் பின்னர்ப் பண்டாரசாமிகள் அமைந்தனர். 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர், ஒடுக்கப்பட்ட மக்களின் குடிசைகளுக்குள் சென்று நோயாளருக்கு அருட்சாதனங்கள் வழங்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். ஆனால் அதற்கெனத் தனிக் குருக்களை ஏற்படுத்தும் வழியையும் ஏற்றார். அவரவர் இடத்தில் அவரவர் இருந்துகொண்டே மீட்படையலாம் என்பதே இவை அனைத்துக்கும் அடியில் ஓடிய கருத்து. முன்மதி என்று அதற்குப் பெயர் சூட்டினர். முன்மதி ஒரு தலையாய நற்பண்பு என்று குருமடத்தில் கற்றிருக்கிறோம். நீதியைப் பிரிந்த முன்மதி அப்பெயருக்கு உரியதாகாது என்பதையும் அதே வகுப்பில்தான் கற்றோம்.

தடுப்பை 1910இல் அகற்றியவர் கௌசானல் அடிகளார். திரு இருதய சகோதரர் சபையின் நிறுவுநராக நாம் போற்றுபவர் அவர். ஊரில் பெரும் கொந்தளிப்பு ஏற்பட்டது. தங்களுக்குரிய தனி இடம் பறிபோயிற்று என்று ஒரு சாரார் நீதிமன்றத்தை நாடினர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றது. கிறிஸ்தவர்களாகிவிட்டவர்கள், இந்து சாத்திரங்களைக் காட்டிச் சக விசுவாசிகளிடம் தீட்டுப் பாராட்ட உரிமை கோர முடியாது என்று நீதிமன்றம் கருதிற்று. நற்செய்தியின் அரிச்சுவடியை நீதிபதிகளின் வாயிலிருந்து கேட்க வேண்டிய நிலை திருமுழுக்குப் பெற்ற மக்களுக்கு வந்தது!

இதை நாம் எழுதுவது வடக்கன்குளத்தாரைக் குறை கூறுவதற்காக அன்று. அவ்வூரின் கதை வழக்காகி, ஏட்டில் ஏறிற்று. மற்ற ஊர்களின் கதை ஏறவில்லை, அவ்வளவே. தனி இருக்கை, தனி வாயில், நற்கருணை பெறுவதில் முன்பின் வரிசை, தனித் தூம்பா, கல்லறைத் தோட்டத்தில் தனி மூலை, சில தெருக்களைக் காணாமலே திரும்பிவிடும் சப்பரம் ஆகியவற்றில் ஒன்றையேனும் அறியாத பழைய பங்குகள் தமிழகத்தில் மிகச் சிலவே. ஒரு தலைமுறையில் வெளியே நிறுத்தப்பட்டவர்கள், அடுத்த தலைமுறையில் வேறொருவரை வெளியே நிறுத்தியதும் உண்டு.

இப்போது கேள்விக்கு வருவோம். ஆலயத்தைக் கட்டியவர்கள் ‘நாம்’ என்றால், அதற்குள் தடுப்பைக் கட்டியவர்கள் யார்?

இவ்விடத்தில் நல்ல கிறிஸ்தவர்களே ஒரு மறுப்பைக் கூறுவர். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. எசேக்கியேல் இறைவாக்கினரின் 18ஆம் அதிகாரம், தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகின்றது. பெற்றோர் தின்ற புளிப்புத் திராட்சைக்குப் பிள்ளைகளின் பல் கூசும் என்னும் பழமொழியை இனிச் சொல்லலாகாது என்று ஆண்டவரே தடுக்கிறார். அப்படியிருக்க, 1872இல் யாரோ செய்ததற்கு இன்றைய இளைஞர் ஏன் தலைகுனிய வேண்டும்?

ஆனால் அதே விவிலியத்தில், நெகேமியாவின் 9ஆம் அதிகாரத்தில், சாக்கு உடுத்திக் கூடி நிற்கும் மக்கள் தங்கள் பாவங்களோடு முன்னோரின் குற்றங்களையும் சேர்த்து அறிக்கையிடுகின்றனர். தானியேலும் அவ்வாறே மன்றாடுகிறார். இவை ஒன்றையொன்று மறுப்பனவா?

நம் ஊர்வழக்கே இதற்கு விடை தரும் என்று எண்ணுகிறோம். தந்தை இறந்தபின் அவர் விட்டுச்சென்ற நிலத்தையும் வீட்டையும் மகன் ஏற்றுக்கொள்கிறான். அவர் அந்த நிலத்தின்மேல் வாங்கிய கடன் பத்திரத்தோடு ஒருவர் வந்து வாசலில் நிற்கிறார். கடன் வாங்கியது நானன்று என்று மகன் சொல்வது உண்மைதான். கடனுக்காக அவனை யாரும் ஏமாற்றுக்காரன் என்று ஏசுவதில்லை. ஆயினும் நிலத்தை வைத்துக்கொண்டு கடனை மட்டும் மறுத்தால், ஊர் அவனை எவ்வாறு பேசும்? எசேக்கியேல் பேசுவது தனிமனிதன் தலைமேல் விழும் தண்டனையைப் பற்றி. நெகேமியாவின் மக்கள் பேசுவது கைக்கு வந்த சொத்தைப் பற்றி. குற்றம் மரபுரிமையாக வருவதில்லை, கடன் வரும். கடனை ஏற்க மனமில்லாதவர் சொத்தையும் விட்டுவிடலாம். அதாவது, ஆலயத்தை நாம் எழுப்பினோம் என்று மலரில் எழுதாமல் இருக்கலாம். அதற்கு எவரும் முன்வருவதாகத் தெரியவில்லை.

முன்னோரின் குற்றத்தைப் பேசுவதிலும் ஒரு கண்ணி உண்டு. மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில், இறைவாக்கினரின் கல்லறைகளை அழகுபடுத்திவிட்டு, எங்கள் மூதாதையர் காலத்தில் நாங்கள் வாழ்ந்திருந்தால் அக்கொலைகளில் பங்குகொண்டிருக்க மாட்டோம் என்று சொல்லிக்கொண்டவர்களை இயேசு கடுமையாகச் சாடுகிறார். அவர்களும் முன்னோரின் பாவத்தை ஏற்கத்தான் செய்தார்கள்! ஆனால் தாங்கள் அவர்களைவிட மேலானவர்கள் என்று காட்டிக்கொள்ளவே அவ்வாறு செய்தார்கள். இறந்தவர்களின் பாவத்தை அறிக்கையிடுவது மலிவானது. அதற்குப் பரிகாரம் விதிக்க எந்தக் குருவும் இல்லை. ஆகவே நாம் கேட்க வேண்டியது, அன்று நாம் இருந்தால் என்ன செய்திருப்போம் என்பதன்று. அன்றைய தடுப்பின் எந்தத் துண்டு இன்றும் நம் கையில் இருக்கின்றது என்பதே கேள்வி. கல்லறைத் தோட்டத்தின் நடுவே நிற்கும் சுவர் நூறாண்டுப் பழமையானதாய் இருக்கலாம். அதை நேற்று இடிக்காமல் விட்டவர்கள் முன்னோர் அல்லர்.

இவ்வாறு பேசுவது திருச்சபையின் மாண்பைக் குலைக்கும் என்று அஞ்சுவோர், 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கோட்பாட்டு விளக்கத்தின் 8ஆம் எண்ணைப் படித்துப் பார்க்கலாம். திருச்சபை தூயதும், அதே வேளை தொடர்ந்து தூய்மை பெற வேண்டியதுமாகும் என்று அங்கே கற்பிக்கப்பட்டுள்ளது. 2000 மார்ச் 12, தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் புனித பேதுரு பேராலயத்தில், திருச்சபையின் மக்கள் நூற்றாண்டுகளாய்ச் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அதனால் திருச்சபை சிறுமையுற்றதாக நாம் அறியோம். பிற சமயத்தார் முன் நம் குறையைக் காட்டலாமா என்று சிலர் கேட்பர். பிற சமயத்தார் நம் பக்கத்துத் தெருவில் வாழ்கிறவர்கள். நம் சப்பரம் எங்கே திரும்புகின்றது என்பது அவர்களுக்குத் தெரியாததா?

பழைய புண்ணைக் கிளற வேண்டாம் என்றும் சொல்லப்படுகின்றது. புண் ஆறிவிட்டது என்று சொல்வோர் பெரும்பாலும் புண்பட்டவர்களாய் இருப்பதில்லை.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் தந்தது, 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் அவை நீட்டிக்கப்பட்டன, கிறிஸ்தவருக்கு நீட்டிக்கப்படவில்லை. இந்த அநீதியை எதிர்த்து நாம் பல்லாண்டுகளாய் மனுக்கொடுத்தும் ஊர்வலம் நடத்தியும் வருகிறோம். முறையான கோரிக்கை அது. மதம் மாறியதால் தீண்டாமை மறைந்துவிடவில்லை, கிறிஸ்தவருக்குள்ளும் அது வாழ்கின்றது என்பதே அந்த மனுவின் அடிப்படை. தலைநகருக்கு எழுதும் மனுவில் இதை ஒத்துக்கொள்கிற நாம், பங்கின் யூபிலி மலரில் மட்டும் நூறாண்டுகளாய் ஒரே குடும்பமாய் வாழ்ந்து வந்தோம் என்று எழுதுவது எப்படி? இரண்டும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன.

யூபிலி என்பதன் மூலப்பொருளை நாம் மறந்ததால் வந்த குழப்பம் இது என்று தோன்றுகின்றது. வெள்ளி, பொன், வைரம் என்று ஆண்டுகளை எண்ணிப் பெருமிதம் கொள்ளும் வழக்கத்துக்கும் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்துக்கும் தொலைவு அதிகம். அங்கே ஐம்பதாம் ஆண்டு வரும்போது, கைமாறிய நிலம் உரியவரிடம் திரும்புகின்றது; அடிமைப்பட்டவர் தம் குடும்பத்துக்குத் திரும்புகின்றனர். அந்த ஆண்டை அறிவிக்கும் எக்காளம் எந்த நாளில் ஊதப்பட வேண்டும் என்பதையும் அதே அதிகாரம் குறிப்பிடுகின்றது. ஏழாம் மாதத்தின் பத்தாம் நாள், பாவக்கழுவாய் நாளில்! அறுவடைத் திருநாளில் ஊதியிருக்கலாம், பாஸ்காவில் ஊதியிருக்கலாம். மக்கள் நோன்பிருந்து தங்கள் பாவங்களுக்குக் கழுவாய் தேடும் நாளைத்தான் ஆண்டவர் தெரிந்தெடுத்தார். அந்த நாளின் ஒடுக்கத்துக்கு நடுவிலிருந்து யூபிலியின் மகிழ்ச்சி எழுந்தது.

மத்தேயு நற்செய்தியாளர் ஒருவகையில் முதல் மலர்க்குழுவில் இருந்தவர். மெசியாவின் மூதாதையர் பட்டியலை எழுத அமர்ந்தவர், தாமாரையும் இராகாபையும் விட்டுவிட்டிருக்கலாம். அவர் விடவில்லை. தாவீதின் பெருமையைக் கூறும் வரியிலேயே, சாலமோனின் தாய் உரியாவின் மனைவியாய் இருந்தவர் என்று எழுதி, அரசர் செய்த கொடுமையை நிலைநிறுத்தினார். கொலையுண்ட அந்நிய வீரனின் பெயர் மீட்பரின் தலைமுறை அட்டவணையில் இன்றும் வாசிக்கப்படுகின்றது.

வருங்காலத்தை விசுவாசத்தோடு நோக்குதல் என்பதற்கு நாம் தரும் பொருளும் இதையொட்டியதே. நம் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் வாழ்கின்றனர். ஊர்த் திருவிழாவுக்கு அவர்களை இழுத்து வருவது கோபுரத்தின் உயரம் மட்டுமன்று. தன் தாத்தா ஆலயத்தின் பின்தாழ்வாரத்தில் நின்று பூசை கண்டார் என்பதை வீட்டில் கேட்டு வளர்ந்த ஒரு பெண், யூபிலி மலரைப் புரட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதில் பின்தாழ்வாரமே இல்லை. எல்லாரும் முன்வரிசையில் அமர்ந்திருந்ததுபோல் எழுதியிருக்கின்றது. அந்த ‘நாம்’ தன்னைச் சேர்க்கவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிடும். அவளுக்கு நாம் பிறகு என்ன மறையுரை ஆற்றினாலும் அது ‘நாங்கள்’ பேசுவதாகவே கேட்கும். உண்மையை எழுதியிருந்தால் அவளுக்கு வலிக்கும். ஆனால் தன் தாத்தாவை அந்தப் பக்கத்தில் அவள் காண்பாள்.

புனித தேவசகாயத்தின் பெயருக்கு நிகழ்ந்ததை இங்கே எண்ணிப் பார்க்கலாம். நெடுங்காலம் அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை, புனிதர் பட்டத்துக்கு முன்பாக உரோமை நீக்கிற்று. பீடத்துக்கு உயர்த்தப்பட்டபோது அவர் தேவசகாயம் மட்டுமே. அதற்காகப் பழைய கல்வெட்டுகளைச் செதுக்கி அழிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நன்கொடையாளரின் சாதிப் பெயர் பொறித்த கற்கள் அப்படியே இருக்கட்டும், அவை சாட்சிகள். அழிக்க வேண்டியவை கற்களில் இல்லை.

ஆகவே யூபிலி கொண்டாட இருக்கும் பங்குகளுக்கு நாம் ஒன்றைப் பணிவோடு முன்வைக்கிறோம். கொடியேற்றத்துக்கு முன்பே, ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும் முதியோரை அழைத்து, ஒவ்வொருவரும் சிறுவயதில் ஆலயத்தில் எங்கே நின்றார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலில் இடம்பெறாத உபதேசியார், மணி அடித்தவர், குழி தோண்டியவர், கல் சுமந்த பெண்கள் ஆகியோரின் பெயர்களைக் கேளுங்கள். பிறகு, சப்பரம் போகும் வழியையும் கல்லறைச் சுவரையும் பற்றிப் பங்குப் பேரவையில் முடிவெடுங்கள். அம்முடிவு தடையின்றி எட்டப்படும் என்று நாம் நம்பிவிடவில்லை. கேட்டு எழுதியதை மலரில் அச்சிடுங்கள். எந்தப் பக்கத்தில் போடுவது என்று மலர்க்குழுவினர் தயங்குவர். ஆயர் அவர்களின் ஆசியுரைக்கு அடுத்த பக்கம் பொதுவாக ஏதேனும் ஒரு நகைக்கடையின் விளம்பரத்துக்குத்தான் போகின்றது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.